ஷோரூமில் 25,000 தள்ளுபடி தருகிறார்கள், இதற்கு மேல் கேட்கலாமா? (புதுக் கார், சென்னை)

வேளச்சேரி_வாசி

எல்லோருக்கும் வணக்கம். நான்கு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் எஸ்யூவி ஒன்று எடுக்க முடிவு செய்திருக்கிறோம், எஞ்சின் 1200 சிசிக்குள். எந்த வண்டி என்று சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். ஓட்டிப் பார்த்தாயிற்று, வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, விலைதான் பாக்கி. கிண்டியில் ஒரு ஷோரூம், அம்பத்தூரில் ஒரு ஷோரூம், இரண்டிலும் கொட்டேஷன் வாங்கினேன். கிண்டியில் கொடுத்தது இது:

எக்ஸ் ஷோரூம் (வண்டியின் விலை மட்டும்) 9,89,000
ரோடு டாக்ஸ் 1,28,570
இன்ஷூரன்ஸ் 52,000
ரிஜிஸ்ட்ரேஷன், இதர செலவு 14,500
ஹேண்ட்லிங் 7,500
பேசிக் கிட் 24,000
எக்ஸ்டெண்டட் வாரன்டி 17,000
ஃபாஸ்டேக் 600
ஆன் ரோடு (எல்லாம் சேர்த்து) 12,33,170

இதில் 25,000 கேஷ் டிஸ்கவுண்ட். அம்பத்தூரிலும் அதே 25,000, ஒரு ரூபாய் வித்தியாசமில்லை. அப்பா பெயரில் பழைய கார் ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டுத்தான் இதை எடுக்கிறோம். அதற்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000 தனியாக உண்டாம். நான் ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பதால் கார்ப்பரேட் தள்ளுபடி 5,000 என்கிறார்கள். எல்லாம் சேர்த்து 12 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது வீட்டுக் கணக்கு. எவ்வளவு வரைக்கும் கேட்டால் நியாயமாக இருக்கும்?

பெரம்பூர்_ரைடர்

60,000 கேளுங்கள், 40,000க்கு வருவார்கள். வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், நீங்கள் பார்க்கிங்கில் வண்டியை எடுப்பதற்குள் போன் வரும்.

பழைய_ஷோரூம்_ஆள்

எழுந்து வருவதில் தப்பில்லை, ஆனால் எதைப் பேசிவிட்டு எழுந்து வருகிறோம் என்பதுதான் முக்கியம். நான் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு டீலரிடம் பல வருடம் சேல்ஸில் இருந்தவன், இப்போது வேறு தொழில், அதனால் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

இந்த விலையில் இருக்கும் வண்டியில் எக்ஸ் ஷோரூமில் டீலருக்கு நிற்பது சொற்பம். அவருக்கு வருமானம் வருவது அதற்குக் கீழே இருக்கும் இனங்களில்: இன்ஷூரன்ஸ் கமிஷன், லோன் கொடுக்கும் வங்கியிடமிருந்து வரும் கமிஷன் (பேஅவுட்), கிட், வாரன்டி, உங்களிடம் வாங்கும் பழைய கார், அப்புறம் சர்வீஸ். சேல்ஸ் மேனேஜர் ஒவ்வொரு டீலையும் மொத்தமாகத்தான் பார்ப்பார், இந்த வண்டியில் எல்லாம் போக என்ன நின்றது என்பதுதான் அவர் கேள்வி. நீங்கள் 40,000 கேட்டு அவர் 40,000 கொடுத்துவிட்டால், பழைய காரின் மதிப்பில் 20,000 இறங்கியிருக்கும். கல்யாண மண்டபத்தில் வாடகையைக் குறைத்துவிட்டு கரண்ட், ஜெனரேட்டர், துப்புரவு என்று தனித்தனியாகப் பில் போடுவார்களே, அதே கணக்கு. அதனால் மேலே கொடுக்கும் தள்ளுபடியைப் பெரிதாக்குவதை விட, கீழே இருக்கும் ஒவ்வொரு இனத்தையும் தனியாக எடுத்து, இது எதற்கு, யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். கேட்பதற்கு முழு உரிமை உங்களுக்கு உண்டு, பணம் உங்களுடையது.

உங்கள் கொட்டேஷனையே எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு இனத்தில் உங்களுக்கு வேலையில்லை. எக்ஸ் ஷோரூம் நிறுவனம் வைத்தது, ரோடு டாக்ஸ் அரசுக்குப் போவது, 13 சதவீதம் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

"ரிஜிஸ்ட்ரேஷன், இதர செலவு 14,500" என்பதைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிப்படி சொந்தக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600. லோன் இருந்தால் ஹைப்போதிகேஷன் (வண்டி வங்கிக்கு அடமானம் என்பது) பதிய 1,500. ஸ்மார்ட் கார்டுக்கு 200. இதோடு சாலைப் பாதுகாப்பு வரி என்று ஒன்று உண்டு. எப்படிக் கூட்டினாலும் 14,500 வராது. மீதியை ஏஜென்ட் செலவு, ஆர்டிஓ செலவு என்று சொல்வார்கள். அரசுக்குக் கட்டும் எதற்கும் பரிவாகன் (அரசின் வாகனத் தளம்) ரசீது வரும், ரசீதில் உள்ளதை மட்டும் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கோபமில்லாமல் சொன்னால் போதும், பெரும்பாலும் பாதிக்கு மேல் அங்கேயே குறைந்துவிடும்.

ஹேண்ட்லிங் 7,500 தரவே வேண்டாம். அது எந்த அரசுக் கட்டணமும் இல்லை. ஷோரூம் வரைக்கும் வண்டியைக் கொண்டுவரும் செலவு எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியது. ஹூண்டாய் வண்டி சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது, அதற்கும் கிண்டியில் லாஜிஸ்டிக்ஸ் என்று தனியாக ஒரு செலவு எழுதுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

கிட் 24,000 என்றால் உள்ளே என்ன என்று கேளுங்கள். ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், சீட் கவர், டோர் வைசர், டெஃப்லான் கோட்டிங், பெர்ஃப்யூம் வரைக்கும் இருக்கும். இதில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், எல்லாம் கட்டாயம் என்று சொன்னால் அது டீலர் போட்ட கட்டாயம். புதுப்பேட்டையிலோ மவுண்ட் ரோடு ஜிபி ரோட்டிலோ ஒரு நாள் விசாரித்துவிட்டு வந்து பேசுங்கள்.

வாரன்டியை மட்டும் நான் வெட்டச் சொல்லமாட்டேன். டர்போ எஞ்சினோ ஆட்டோமேட்டிக்கோ என்றால் கட்டாயம் எடுங்கள். ஆனால் நிறுவனத்தின் வாரன்டிதானா, டீலர் வெளியில் வாங்கி விற்கும் வாரன்டியா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்று. இரண்டு கொட்டேஷனிலும் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே எண்ணாக இருந்தால் கிண்டியும் அம்பத்தூரும் ஒரே முதலாளியின் கடைகள், நீங்கள் ஒரே ஆளிடம்தான் இரண்டு தடவை விலை கேட்டிருக்கிறீர்கள்.

வேளச்சேரி_வாசி

அண்ணா, ஒரே எண்தான்! இரண்டு பேப்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குரோம்பேட்டை பக்கம் வேறொரு டீலர் இருக்கிறார், அங்கே போய் கேட்கிறேன்.

பாலிசி_மேசை

இன்ஷூரன்ஸ் பற்றி நான் சொல்கிறேன், என் பிழைப்பே அதுதான். 

52,000 என்பது அதிகம். புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டியும் (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு) ஒரு வருட ஓன் டேமேஜும் (நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கு) சேர்த்து வாங்குவதுதான் இப்போதைய முறை. மூன்று வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. அந்தத் தொகையை அரசே நிர்ணயித்திருக்கிறது, 1000 முதல் 1500 சிசி வரை உள்ள காருக்கு மூன்று வருடத்துக்கு 10,640, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 12,555. எந்தக் கம்பெனியிடம் போனாலும் இது மாறாது. உங்கள் கொட்டேஷனில் மீதி இருக்கும் 39,000 சொச்சம்தான் ஓன் டேமேஜும் ஆட் ஆன்களும் (கூடுதல் பாதுகாப்புகள்), பேசுவதற்கு இடம் அங்கேதான் இருக்கிறது. அதே கம்பெனியின் அதே பாலிசியை வெளியில் கேட்டாலே கணிசமாகக் குறையும்.

ஒப்பிடும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஐடிவி, அதாவது வண்டி முழுதாகப் போனால் கிடைக்கும் தொகை, ஒன்றாக இருக்க வேண்டும். புது வண்டிக்கு எக்ஸ் ஷோரூமில் 95 சதவீதம், உங்களுக்கு 9,39,550 வரும். ஐடிவியைக் குறைத்துப் போட்டு பிரீமியம் மலிவு என்று காட்டுவார்கள், அதில் விழக் கூடாது. ஆட் ஆன்களும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தருவது) அவசியம். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி முழுதாகப் போனால் பில் தொகையையே தருவது) முதல் மூன்று வருடம் இருந்தால் நல்லது. வேளச்சேரி என்று பெயரிலேயே இருக்கிறது, அதனால் எஞ்சின் ப்ரொடெக்ஷன் இல்லாமல் பாலிசி எடுக்கவே எடுக்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு, இந்த ஒரு ஆட் ஆன் இல்லாததால் முழுச் செலவையும் கையிலிருந்து கட்டியவர்களை எனக்கு நேரில் தெரியும். மழை அறிவித்தால் உங்கள் ஊரில் மேம்பாலத்தின் மேல் வரிசையாக வண்டியை நிறுத்துகிறார்கள் என்றால் சும்மாவா. கிட்டில் மிச்சம் பிடித்த பணத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடுங்கள்.

அப்பா காருக்கு நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போகாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) எவ்வளவு?

வேளச்சேரி_வாசி

50 சதவீதம். வருடக்கணக்கில் க்ளெய்மே போனதில்லை.

பாலிசி_மேசை

அப்படியானால் வண்டியை யார் பெயரில் எடுப்பது என்பதை முதலில் யோசியுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் காருக்குச் சேர்ந்ததல்ல, பாலிசி யார் பெயரிலோ அவருக்குச் சேர்ந்தது. பழைய காரை விற்றதும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அந்தப் போனஸுக்கான ரிடென்ஷன் லெட்டர் வாங்கினால், அடுத்த மூன்று வருடத்துக்குள் அவர் பெயரில் எடுக்கும் காருக்கு அதே 50 சதவீதம் கிடைக்கும். ஓன் டேமேஜ் பிரீமியத்தில் பாதி குறைகிறது, இந்த வருடம் மட்டுமல்ல, க்ளெய்ம் போகாத வரைக்கும் ஒவ்வொரு வருடமும். உங்கள் பெயரில் எடுத்தால் அப்பா சேர்த்து வைத்தது உங்களுக்கு வராது, நீங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆனால் அப்பா பெயரில் எடுத்தால் உங்கள் கார்ப்பரேட் 5,000 போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த 5,000க்காக இதை விடுவது சரியாக இருக்காது என்று நினைக்கிறேன். அப்பா ஓய்வு பெற்ற அரசு ஊழியர் என்றால் அதற்கே சில நிறுவனங்களில் ஒரு திட்டம் இருக்கும், கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் எப்படியும் கிடைக்கும், ஒரே குடும்பம் என்றால் பெரும்பாலும் பெயர் மாறினாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

டீலர்கள் இதை வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். பிரீமியம் குறைந்தால் அவர்கள் கமிஷனும் குறையும்.

வேளச்சேரி_வாசி

குரோம்பேட்டையில் கேட்டேன். தள்ளுபடி 35,000 தருகிறார்கள், ஹேண்ட்லிங் இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் வெளியில் எடுத்தால் தள்ளுபடி 15,000 ஆகிவிடும் என்கிறார்கள். லோனும் அவர்கள் மூலமாக எடுத்தால்தான் முழுத் தள்ளுபடியாம். இது சரியா?

பழைய_ஷோரூம்_ஆள்

இதை எல்லா ஷோரூமிலும் சொல்வார்கள். டீலர் மூலம்தான் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்பது இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) 2017ல் டீலர்களுக்குப் போட்ட விதியிலேயே இருக்கிறது. அதனால் நேரடியாகக் கட்டாயம் என்று சொல்லாமல், தள்ளுபடியோடு முடிச்சுப் போடுகிறார்கள். நிறுவனம் அறிவித்த தள்ளுபடி எவ்வளவு, டீலர் தன் கையிலிருந்து தருவது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். நிறுவனம் தருவதை இன்ஷூரன்ஸுக்காகப் பிடித்து வைக்க அவருக்கு எந்த நியாயமும் இல்லை. தன் கையிலிருந்து தருவதை அவர் குறைத்தால், அது அவர் பணம், சட்டம் பேசிப் பயனில்லை, கணக்குத்தான் பேச வேண்டும்.

வெளியில் வாங்கிய இன்ஷூரன்ஸ் கொட்டேஷனை மேசையில் வைத்து, "இதே ஐடிவி, இதே ஆட் ஆன், இதே விலைக்கு நீங்கள் போட்டுத் தந்தால் உங்களிடமே எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது இப்படிக் கேட்டவர்களுக்கு மேனேஜர் பெரும்பாலும் இறங்கி வந்துவிடுவார், முழு விலைக்கும் இல்லாவிட்டாலும் ஓரிரு ஆயிரம் வித்தியாசத்துக்கு. அப்படி வந்தால் டீலரிடமே எடுப்பது நல்லது என்பேன், கேஷ்லெஸ் வேலை அவர் ஒர்க் ஷாப்பில் சிக்கலில்லாமல் நடக்கும். 

அடாவடியாகக் கட்டாயப்படுத்தினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, இன்ஷூரன்ஸுக்கு பீமா பரோசா என்ற புகார் தளம் இருக்கிறது. எழுத்தில் வாங்கி வைத்திருந்தால் மட்டுமே அங்கே பேச முடியும்.

கேகே_நகர்_கணக்கர்

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வண்டி 9,89,000. அடுத்த வேரியண்ட்டைத் தள்ளப் பார்த்திருப்பார்களே?

வேளச்சேரி_வாசி

ஆமாம் சார், சன்ரூஃப் இருக்கும் வேரியண்ட் 10,40,000தான், 51,000தான் வித்தியாசம், இஎம்ஐயில் தெரியவே தெரியாது என்று கிண்டியிலும் சொன்னார்கள், குரோம்பேட்டையிலும் சொன்னார்கள்.

கேகே_நகர்_கணக்கர்

51,000 இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை, அதாவது ரோடு டாக்ஸை, மாற்றினார்கள். 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. முன்னால் இது 10 லட்சம் வரை 10, அதற்கு மேல் 15 என்று இருந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், 10 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் 18 இல்லை, முழு விலைக்கும் 18. வருமான வரி ஸ்லாப் மாதிரி நினைத்துக்கொண்டு நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

9,89,000க்கு வரி 1,28,570. 10,40,000க்கு வரி 1,87,200. வரியிலேயே 58,630 கூடுகிறது. விலை வித்தியாசம் 51,000ஐயும் சேர்த்தால் 1,09,630. இதற்கு மேல் 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் (விற்பவரே பிடித்துக் கட்டும் வருமான வரி) 1 சதவீதம், 10,400 முன்கூட்டியே கட்ட வேண்டும், அது ரிட்டர்ன் போடும்போது திரும்ப வரும், ஆனால் இப்போது கையிலிருந்து போகிறது. இன்ஷூரன்ஸும் ஏறும். அந்த சன்ரூஃப் 1,10,000க்கு மேல். உங்கள் வீட்டில் எல்லோரும் மூன்று மணி நேரம் பேரம் பேசிப் பிடிக்கும் பணம் இந்த ஒரு முடிவில் போய்விடும்.

அதே மாதிரி 2025 செப்டம்பர் 22ல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்தது. 1200 சிசி, நான்கு மீட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் போய் 18 சதவீதம். அதில் 10 லட்சத்துக்கு மேல் இருந்த சில வேரியண்ட்டுகள் கீழே இறங்கின, அவற்றுக்கு ஆயுள் வரியும் சேர்ந்து குறைந்தது. அதனால் பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள், நிறுவனத்தின் தளத்தில் சென்னை விலையை அன்றைக்கே பாருங்கள். ஜிஎஸ்டி குறைந்ததைத் தன் தள்ளுபடி மாதிரி சொல்லும் சேல்ஸ் ஆட்களும் உண்டு. அது அரசு குறைத்த வரி, டீலர் கொடுத்தது இல்லை.

தாம்பரம்_டீச்சர்

பாண்டிச்சேரியில் ரிஜிஸ்டர் பண்ணலாம் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். அங்கே முகவரி இருந்தால் வேறு. இல்லாமல் செய்தால் பொய் முகவரி, அப்புறம் இங்கே நிரந்தரமாக ஓட்டினால் மாற்றிப் பதிந்து வரியும் கட்ட வேண்டும்.

நான் எழுத வந்தது வேறு. போன வருடம் என் சம்பளத்தில், என் பெயரில் கார் எடுத்தேன். துணைக்குத் தம்பியைக் கூட்டிப் போனால் ஒரு ஷோரூமில் விலையெல்லாம் அவனிடமே பேசினார்கள், நான் கேட்ட கேள்விக்கும் அவனைப் பார்த்துப் பதில். டீ வந்தது, மேனேஜர் வந்தார், "இன்றைக்கு புக் பண்ணினால்தான் இந்த விலை, ராத்திரி ஸ்கீம் முடிகிறது" என்றார். வெளியே வந்து, நாலு டீலருக்கும் ஒரே மெயில் அனுப்பினேன்: இந்த வேரியண்ட், இந்த நிறம், வரி வரியாக விலை எழுதி அனுப்புங்கள், தயாரிப்பு மாதமும் எழுதுங்கள், சிறந்த விலை தருபவரிடம் இந்த மாதமே எடுக்கிறேன். இரண்டு பேர் அனுப்பினார்கள். அதில் ஒன்றை இன்னொருவருக்குக் காட்டினேன், முடிந்தது. நேரில் உட்கார வைத்துப் பேசுவதில் அவர்களுக்குப் பல வருடப் பழக்கம், எழுத்தில் பேசினால் நாமும் அவர்களும் சமம். பெண்கள் முக்கியமாக இதைச் செய்யுங்கள். ராத்திரி முடியும் ஸ்கீம் பெரும்பாலும் மாதக் கடைசி வரை இருக்கும்.

பெரம்பூர்_ரைடர்

எல்லா டீலரும் ஒரே தள்ளுபடி சொல்கிறார்கள் என்றால் நிறுவனமே கட்டுப்படுத்துகிறது என்று அர்த்தமா?

கேகே_நகர்_கணக்கர்

எல்லா நேரத்திலும் இல்லை, நிறுவனம் மாதாமாதம் அறிவிக்கும் திட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் டீலர் தன் லாபத்திலிருந்து கூடுதலாகத் தருவதை நிறுவனம் தடுப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம். 2021 ஆகஸ்ட்டில் போட்டி ஆணையம் மாருதிக்கு 200 கோடி அபராதம் விதித்தது இந்தக் காரணத்துக்காகத்தான், குறிப்பிட்ட தள்ளுபடிக்கு மேல் தரும் டீலர்களைக் கண்டுபிடிக்க வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் அனுப்பினார்கள் என்று அந்த உத்தரவில் இருக்கிறது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. "இதற்கு மேல் கொடுத்தால் கம்பெனி எங்களைப் பிடிக்கும்" என்று யாராவது சொன்னால், ரொக்கமாக வேண்டாம், ஆக்சஸரியாகவோ வாரன்டியாகவோ கொடுங்கள் என்று கேட்கலாம்.

வங்கி_கவுண்டர்

லோன் பற்றி சுருக்கமாக. உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் லோனுக்கு சாங்ஷன் (ஒப்புதல்) வாங்கிவிட்டு ஷோரூமுக்குப் போங்கள், அப்போது அவர்கள் தரும் வட்டியை ஒப்பிட உங்கள் கையில் ஒன்று இருக்கும். "5 சதவீதம் பிளாட்" என்று சொன்னால் மயங்காதீர்கள், பிளாட் என்றால் பாதி அடைத்த பிறகும் முழுத் தொகைக்கே வட்டி. 8 லட்சம், ஐந்து வருடம், 5 சதவீத பிளாட் என்றால் வட்டி 2 லட்சம், மாதம் 16,667. அதே 8 லட்சத்துக்குக் குறையும் நிலுவையில் (பாக்கித் தொகைக்கு மட்டும் வட்டி) 9 சதவீதம் என்றால் மாதம் சுமார் 16,607. அந்த 5 இந்த 9ஐ விடவும் கொஞ்சம் அதிகம். 2024 அக்டோபரிலிருந்து கேஎஃப்எஸ் (கடனின் முக்கிய விவரங்கள்) என்ற ஒரு தாளை எல்லா வங்கியும் தர வேண்டும், அதில் ஏபிஆர் என்று ஒரு எண் இருக்கும், பிராசசிங் கட்டணம் எல்லாம் சேர்த்த உண்மையான வட்டி அது. இரண்டு கடனையும் அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். கார் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி, முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு என்று பாருங்கள்.

பழைய_ஷோரூம்_ஆள்

பேசும்போது ஒரு மரியாதையும் இருக்கட்டும் என்று சொல்ல விரும்புகிறேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குச் சம்பளம் குறைவு, இன்சென்டிவ்வை நம்பித்தான் வாழ்க்கை ஓடும், ஹேண்ட்லிங் போட்டது அவன் இல்லை. அவனைத் திட்டினால் ஒன்றும் குறையாது. குறைக்கும் அதிகாரம் மேனேஜரிடம் இருக்கிறது, அந்தப் பையனே உங்களுக்காக உள்ளே போய்ப் பேசும்படி நடந்துகொண்டால் இன்னும் நல்லது. கடைசி ஐந்தாயிரத்துக்காக மூன்று வாரம் இழுத்தவர்களுக்கு வண்டி அலாட்மென்ட் பின்னால் போனதையும் பார்த்திருக்கிறேன்.

வேளச்சேரி_வாசி

மிகவும் நன்றி. அப்பா பெயரில் எடுப்பதாகவே முடிவு, சன்ரூஃப் வேண்டாம். இன்னொரு குழப்பம். டிசம்பரில் எடுத்தால் தள்ளுபடி ஏறும் என்கிறார்கள், ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் அம்மா வண்டி எடுக்க விடமாட்டார்கள். தை பிறந்த பிறகு எடுக்கலாமா?

பழைய_ஷோரூம்_ஆள்

நம் ஊரில் ஆடியும் மார்கழியும்தான் ஷோரூம் காற்றாடும் மாதங்கள், அதனால்தான் விலை இறங்கும். ஆயுத பூஜைக்கும் அட்சய திருதியைக்கும் க்யூவில் நின்று வாங்குபவருக்கு யார் தள்ளுபடி தருவார்கள்? மார்கழி டிசம்பர் நடுவில் பிறக்கிறது, வருடக் கடைசி ஸ்டாக்கைத் தள்ள வேண்டிய நெருக்கடியும் அதே சமயம்தான். நாள் பார்க்காதவர்களுக்குப் பேரம் பேச வருடத்திலேயே நல்ல நேரம் அது.

உங்கள் அம்மாவின் மனதையும் பார்க்க வேண்டும். மூன்று வழி இருக்கிறது. ஒன்று, மார்கழிக்கு முன் டிசம்பர் முதல் பாதியிலேயே எடுத்துவிடுவது, தள்ளுபடி உச்சத்தில் இருக்காது, ஆனாலும் பரவாயில்லை. இரண்டு, டிசம்பரிலேயே பில் போட்டு, பதிவும் செய்து, தை முதல் நாள் டெலிவரி எடுப்பது. இதில் வண்டி உங்கள் பெயரில், நிற்பது அவர்கள் யார்டில், அதனால் டெலிவரி வரைக்கும் கீறலோ அடியோ பட்டால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்க வேண்டும். மூன்று, ஜனவரியில் பில் போடுவது. ஜனவரியில் பெரும்பாலான நிறுவனங்கள் விலையை ஏற்றுவது வழக்கம், புக்கிங் பணம் கட்டியிருந்தாலும் பில் போடும் நாள் விலைதான் செல்லும் என்று புக்கிங் படிவத்தின் பின்பக்கம் இருக்கும். ஆனால் போன வருடத் தயாரிப்பு வண்டியை ஜனவரியில் வாங்கினால் தள்ளுபடி இன்னும் பெரிதாக இருக்கும், இருக்கவும் வேண்டும், ஏனென்றால் ஒரு மாதத்திலேயே அது ஒரு வயது கூடிய வண்டி. பிற்பாடு விற்கும்போது வாங்குபவர் தயாரிப்பு வருடத்தைத்தான் முதலில் பார்ப்பார். ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் இது பெரிய நஷ்டமில்லை, தள்ளுபடியைக் கெட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள். நாலு வருடத்தில் மாற்றுவீர்கள் என்றால் புது வருடத் தயாரிப்புக்குக் காத்திருங்கள்.

எந்த வழியானாலும் புக்கிங் பணத்தை டீலர் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், ரசீது வாங்குங்கள். சேல்ஸ் பையனின் சொந்த நம்பருக்கு ஜிபேயில் ஒரு ரூபாய் கூட வேண்டாம், எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் சரி.

தாம்பரம்_டீச்சர்

பில் போடுவதற்கு முன் வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்பதையும் விலை பேசும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள், பில் போட்ட பிறகு பார்த்துப் பயனில்லை. எனக்கு ஒதுக்கிய வண்டியின் சேஸிஸ் எண்ணை முதலில் தரமாட்டேன் என்றார்கள், முழுப் பணம் கட்டமாட்டேன் என்று சொன்னதும் தந்தார்கள்.

பாலிசி_மேசை

டீச்சர் சொன்னது மிகச் சரி, அதுவும் மழைக்காலத்தில். புறநகரில் தாழ்வான இடத்தில் யார்டு இருந்தால் தண்ணீர் நின்றிருக்க வாய்ப்புண்டு. கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள், சீட் ரெயில் போல்ட்டில் துரு இருக்கிறதா, ஸ்பேர் வீல் குழியில் மண் கோடு இருக்கிறதா, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் கறை தெரிகிறதா என்று பாருங்கள். ஓடோமீட்டர், டயர்களின் தயாரிப்பு வாரம், கண்ணாடிகளில் உள்ள வருடம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஃபார்ம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் தயாரிப்பு மாதமும் வருடமும் எழுதியிருக்கும், பேசிய மாதம்தானா என்று பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணத்தைக் கட்ட வேண்டும். மாதம் பழையதாக இருந்தால் அங்கேயே நின்று மறுபடியும் விலை பேசுங்கள், அந்த நேரத்தில் அவர்களுக்கும் வண்டியை அனுப்ப வேண்டிய அவசரம் இருக்கும். பதிவு எண் விழுந்துவிட்டால் அப்புறம் எதையும் மாற்ற முடியாது.